பூச்சி மருந்து கொடுத்தும் கோழி தேறவில்லை என்றால்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது பெரிய கோழிகள், ஐந்து வார வயதில் ஏழு குஞ்சுகள், எல்லாம் ஒரே அடைப்பில். எச்சத்தில் நீளமான வெள்ளைப் புழு கிடந்ததால் பைப்பரசின் என்ற பூச்சி மருந்தை ஒரு வேளை கொடுத்திருக்கிறார். மூன்று வாரம் கழித்து மறுபடி புழு. நடுவில் ஒரு பெட்டை மட்டும் மெலிந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கிறது. நேற்றிலிருந்து இரண்டு குஞ்சுகள் சோர்ந்திருக்கின்றன, எச்சத்தில் ரத்தம். "மருந்து பலிக்கவில்லை, அளவை இரட்டிப்பாக்கி எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடலாமா? இந்த முட்டையைச் சாப்பிடலாமா?" என்று கேட்கிறார்.

இரட்டிப்பாக்க வேண்டாம். இங்கே நடப்பது ஒரு நோய் இல்லை. என் கணக்கில் குறைந்தது இரண்டு, மூன்றாகவும் இருக்கலாம். புழு கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. அவ்வளவுதான்.

முதலில் குஞ்சுகளைப் பாருங்கள். மற்றதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம், இது காத்திருக்காது. மூன்று முதல் ஆறு வார வயதில் ரத்தம் கலந்த எச்சம் என்றால் நான் முதலில் நினைப்பது ரத்தக் கழிச்சலைத்தான். இதைக் கொண்டுவருவது புழு அல்ல. எய்மீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. பைப்பரசின் இதை ஒன்றும் செய்யாது. வேறு எந்தப் புழு மருந்தும் செய்யாது. கோழிக்கு வரும் எய்மீரியா இனங்கள் ஏழு என்பது வழக்கமான கணக்கு. அதில் எய்மீரியா டெனெல்லா என்பது குடலின் கடைசியில் இரட்டைப் பையாக இருக்கும் குருட்டுக்குடலைத் தாக்குகிறது. புது ரத்தமாகவே வருவது பெரும்பாலும் அதனால்தான். மற்ற இனங்களில் ரத்தமே தெரியாமல் தண்ணீராகவோ சளியாகவோ போகும்; குஞ்சு வளராமல் வாடும்.

முட்டைக்கூடு போன்ற எய்மீரியா வித்தைக் குஞ்சு கொத்தி விழுங்கிய நான்காம் ஐந்தாம் நாள்தான் ரத்தம் தெரியும். அதாவது நீங்கள் பார்க்கும்போது குடல் ஏற்கெனவே கிழிந்திருக்கிறது. அதற்கு அடுத்த ஓரிரு நாளில்தான் சாவும் விழும். அதனால் "நாளை வரை பார்ப்போம்" என்பது இந்த நோயில் மட்டும் கூடாது. ரத்தம் வந்த இரண்டுக்கு மட்டுமல்ல, ஏழு குஞ்சுகளுக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும்.

பரவலாகக் கொடுக்கப்படுவது ஆம்ப்ரோலியம். குடிநீரில் 0.024 சதவீதம், மூன்று முதல் ஐந்து நாள். 20 சதவீதப் பொடி என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம். அப்புறம் 0.006 சதவீதம், அதாவது லிட்டருக்கு 0.3 கிராம், ஒன்றிரண்டு வாரம். உங்கள் கையில் இருக்கும் பாக்கெட்டின் சதவீதம் வேறாக இருந்தால் இந்தக் கிராம் கணக்கும் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். அடைப்பில் வேறு தண்ணீர் எதுவும், மழை நீர் தேங்கிய குழி உட்பட, இருக்கக் கூடாது.

ஒரு விஷயத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே வைட்டமின் பி1 மாதிரி வேடம் போட்டுத்தான். ஒட்டுண்ணி அதை வைட்டமின் என்று நினைத்து எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறது. குஞ்சு சோர்ந்திருக்கிறதே என்று அதே நாட்களில் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு விட்டால் மருந்தின் வேலையை நீங்களே கெடுக்கிறீர்கள். வைட்டமின் கொடுக்கலாம், மருந்து முடிந்த பிறகு.

தலையைத் தொங்கப்போட்டிருக்கும் குஞ்சு தானாகத் தண்ணீர் குடிக்காது. அதைத் தனியே எடுத்து, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சினால் நீர் மூச்சுக்குழாயில் போய்விடும். நோயில் சாகாத குஞ்சு அதில் செத்துவிடும். இரண்டு நாளில் மாற்றம் தெரியவில்லை என்றால் மருத்துவர் டோல்ட்ராசூரில் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார். அது பல நாடுகளில் முட்டையிடும் கோழிக்கு அனுமதிக்கப்படாத மருந்து. குஞ்சுக்கு வாங்கியதைப் பெரிய கோழியின் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். இன்னொன்று, குஞ்சு எச்சத்தில் எப்போதாவது ஆரஞ்சு நிறத்தில் நூல் மாதிரி ஒன்று வந்தால் பதற வேண்டாம், அது குடலின் உள்தோல் உதிர்வது. இங்கே நேற்றிலிருந்து இரண்டு குஞ்சுகள், அதுவும் சோர்வோடு என்கிறீர்கள். அதனால்தான் நான் ரத்தம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, இப்போது புழுவுக்கு வருவோம்.

நீங்கள் பார்த்தது, சொல்வதை வைத்து, உருண்டைப் புழு. அஸ்கரிடியா கல்லி என்பது பெயர். சிறுகுடலில் இருக்கும்; 5 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளரும்; வேகவைத்த சேமியா மாதிரி இருக்கும். கோழிக் குடலில் எச்சத்தோடு வெளியே வந்து கண்ணுக்குச் சட்டென்று தெரிகிற புழு இது ஒன்றுதான் என்றே சொல்லலாம். குருட்டுக்குடல் புழு ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான். மயிர்ப் புழு, பெயருக்கேற்றபடி, மயிரிழை. கண்ணால் தேடினால் கிடைக்காது, ஆனால் தொந்தரவில் அதுதான் பெரியது. நாடாப் புழு முழுதாக வராது, அதன் துண்டுகள் அரிசிக் குருணை போல எச்சத்தின் மேல் ஒட்டியிருக்கும். புதிய எச்சமாக இருந்தால் அந்தக் குருணை நெளிவதைக்கூடப் பார்க்கலாம்.

மூன்று வாரத்தில் மறுபடி புழு வந்தது ஏன்? "மண்ணிலிருந்து மறுபடி ஏறியிருக்கும்" என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் இடிக்கும். கோழி விழுங்கிய புழு முட்டை வளர்ந்து, முட்டையிடும் பெரிய புழு ஆக ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். மூன்று வாரத்தில் அது சேமியா நீளத்துக்கு வந்திருக்க முடியாது. அப்படியானால் நீங்கள் கண்டது மருந்து கொடுத்த அன்றே கோழிக்குள் இருந்த புழு. பைப்பரசின் வளர்ந்த உருண்டைப் புழுவைத்தான் மயக்கி வெளியேற்றும். குடல் சுவருக்குள் புதைந்திருக்கும் இளம் புழுவை அது தொடாது. அவை பிறகு வளர்ந்து வருகின்றன. இல்லையென்றால் அந்தக் கோழி அன்று மருந்துத் தண்ணீரைச் சரியாகக் குடிக்கவில்லை. இரண்டுக்குமே இரட்டிப்பு அளவு பதில் இல்லை. பைப்பரசினை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மறுபடி கொடுப்பதுதான் அதன் முறை. மருந்து தோற்கவில்லை, நீங்கள் பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

பைப்பரசின் மயிர்ப் புழுவையும் நாடாப் புழுவையும் ஒன்றும் செய்யாது. அதனால் அடுத்த சுற்றுக்கு ஃபென்பெண்டசோல் அல்லது ஃப்ளூபெண்டசோல் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கோழியின் குடிநீருக்கென்றே தயாரித்த ஃபென்பெண்டசோல், ஒரு கிலோ உடல் எடைக்கு 1 மில்லிகிராம், ஐந்து நாள் தொடர்ந்து. ஃப்ளூபெண்டசோல் தீவனத்தில் கலந்து ஏழு நாள். நாடாப் புழு என்று உறுதியானால் பிராசிகுவாண்டல். லெவாமிசோலும் பயன்பாட்டில் இருக்கிறது, அது உருண்டைப் புழுவுக்கும் குருட்டுக்குடல் புழுவுக்கும் நன்றாகவே கேட்கும். ஐவர்மெக்டினைப் புழுவுக்கென்று கொடுப்பவர்கள் ஏராளம். கோழியின் உருண்டைப் புழு விஷயத்தில் அதை நான் நம்புவதில்லை. முட்டையில் அந்த மருந்தின் மிச்சம் வேறு தங்கும்.

இங்கே ஒரு கணக்கைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு கிலோ எடையுள்ள ஒன்பது கோழி என்றால் மொத்தம் 18 கிலோ. ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் ஃபென்பெண்டசோல். ஆட்டுக்கு விற்கும் 10 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு தேக்கரண்டி 5 மில்லி, அதில் 500 மில்லிகிராம். "ஆட்டு மருந்துதானே, ஒரு கரண்டி தொட்டியில் ஊற்று" என்று சொல்லும் நண்பர் கிட்டத்தட்ட ஒரு மாத அளவை ஒரே நாளில் ஊற்றச் சொல்கிறார். அதோடு அந்த மருந்து தண்ணீரில் கரையாது, மாவு போல அடியில் படியும். முதலில் குடிக்கும் கோழிக்கு வெறும் தண்ணீர், கடைசியில் தொட்டியை வழிக்கும் கோழிக்கு மொத்த மருந்தும். இறகு உதிர்க்கும் காலத்தில் ஃபென்பெண்டசோல் கொடுத்தால் புதிதாக முளைக்கும் இறகு கோணலாக வரும். அவசரம் இல்லை என்றால் தள்ளிப்போடலாம். பக்கத்தில் புறா வளர்த்தால் இந்தத் தண்ணீரை அவை குடிக்க விடாதீர்கள். புறா வகைகளுக்கு இந்த மருந்து எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும்.

ஆனால் மருந்து வாங்குவதற்கு முன் எச்சப் பரிசோதனை செய்துவிடுங்கள். இதைச் சொன்னால் "புழுதான் கண்ணாலேயே பார்த்தோமே" என்பார்கள். பார்த்தது ஒரு வகையை, அதுவும் எத்தனை என்று தெரியாமல். பரிசோதனைச் சாலையில் எச்சத்தை உப்புக் கரைசலில் கரைத்து வைத்தால் புழு முட்டைகள் மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியில் எண்ணி, ஒரு கிராமுக்கு எத்தனை, எந்த வகை என்று சொல்லிவிடுவார்கள். எய்மீரியா வித்தும் அதிலேயே தெரியும். அன்று காலை விழுந்த எச்சமாக எட்டுப் பத்து இடத்திலிருந்து, கூழ் போன்ற குருட்டுக்குடல் எச்சமும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிரில் வைத்து, மறுநாளுக்குள் கொடுங்கள். உறைய வைக்கக் கூடாது. மருந்து முடிந்து பத்துப் பதினான்கு நாளில் இன்னொரு முறை கொடுத்துப் பார்த்தால் மருந்து கேட்டதா இல்லையா என்பது எண்ணிலேயே தெரியும்.

இனி அந்த மூலையில் நிற்கும் பெட்டை. எனக்கு இதில் ஒரு வடு உண்டு. சில வருடங்களுக்கு முன் நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி ஒன்று இதே மாதிரி ஒதுங்கி நின்றது. கூட்டத்தில் புழு இருப்பது தெரியும், அதனால் புழுதான் என்று முடிவு கட்டி மருந்து கொடுத்தேன். பத்து நாள் கழித்து இன்னொரு சுற்று மருந்து. அப்புறம் மூன்றாவது. கோழி செத்தபின் மருத்துவர் வயிற்றைத் திறந்து காட்டினார். குடல் சுத்தமாக இருந்தது, ஒரு புழு இல்லை. வயிறு முழுக்க அவித்த மஞ்சள் கரு மாதிரி கட்டி கட்டியாக, கலங்கிய மஞ்சள் நீருக்குள். கருக்குழாயில் இறங்க வேண்டிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடித்திருந்தது. அந்தக் கோழியின் அடிவயிற்றை நான் ஒரு தடவை கையால் தாங்கிப் பார்த்திருந்தால் போதும், தண்ணீர்ப் பை போலத் தொங்கியது தெரிந்திருக்கும். மூன்று சுற்று மருந்து கொடுத்தவன் ஒரு தடவை கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

அதனால் தொட்டுப் பாருங்கள். இரவில், கோழி பரணில் அடைந்த பிறகு டார்ச்சோடு போனால் ஓடாது. மார்பெலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்து நடுவில் எலும்பு லேசாகத் தட்டுப்பட்டால் சரி. கத்தி முனை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் பல வாரமாகவே மெலிந்து வருகிறது என்று அர்த்தம். கழுத்தடியில் தீனிப் பையை இரவிலும் விடியற்காலையிலும் பாருங்கள். இரவில் நிறைந்து, காலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் பந்து மாதிரி இருந்தால் சிக்கல் அங்கேதான், குடலில் இல்லை. பின்புறத் துளையைச் சுற்றி இறகை விலக்கினால் பேன் ஓடுவதும், இறகின் அடியில் முட்டைக் கொத்தும் தெரியும். பரணின் முனை, மரப் பொருத்தும் இடம், ஆணி ஓட்டை இங்கெல்லாம் வெள்ளைத் தாளால் தேய்த்துப் பாருங்கள். தாளில் சிவப்புக் கோடு விழுந்தால் சிவப்பு உண்ணி. பகலில் மரத்தில் ஒளிந்து, இரவில் ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். கொண்டை வெளுத்து மெலியும் கோழிக்கு எல்லோரும் பூச்சி மருந்து கொடுப்பார்கள், உண்மையில் தின்றுகொண்டிருப்பது இதுவாக இருக்கும்.

ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டிக் கிடந்தால் மாரெக் நோயை நினைக்க வேண்டும். அது வைரஸ், மருந்து இல்லை. முகம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் நீர் வடிந்தால் கொரைசா, அது பாக்டீரியா, ஆன்டிபயாட்டிக் கேட்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் வெள்ளைக் கழிச்சல், ராணிக்கெட் என்கிறார்களே அதுதான். வந்த பிறகு மருந்து இல்லை, தடுப்பூசிதான். ஒரே நாளில் இரண்டு மூன்று கோழிகள் காரணமில்லாமல் விழுந்தாலோ, கொண்டை நீலம் பாய்ந்தாலோ எதையும் அறுத்துப் பார்க்காதீர்கள். கோழியை யாருக்கும் கொடுக்காமல், விற்காமல், உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலுக்கு வாய்ப்பு வைத்துத்தான் நடந்துகொள்ள வேண்டும்.

மெலிந்த பெட்டையைத் தனியே வையுங்கள், ஆனால் மற்றவற்றைப் பார்க்கும்படி. தனிமையில் கோழி சாப்பிடாது, அதோடு வெகுநாள் பிரித்தால் திரும்பச் சேர்க்கும்போது கொத்திக் கிழிக்கும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். நாம் கண்ணால் பார்த்து "இன்று கொஞ்சம் தேவலை" என்று சொல்வதை எல்லாம் தராசு ஒத்துக்கொள்ளாது.

பூண்டு, பூசணி விதை, வினிகர், டயட்டமேசியஸ் மண் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். கோழிக்குக் கெடுதல் இல்லாத அளவில் கொடுத்துக்கொள்ளுங்கள். நிறைந்த புழுவை அவை இறக்கியதை நான் பார்த்ததில்லை. துத்தநாகம் பூசிய தொட்டியில் மட்டும் வினிகர் ஊற்றாதீர்கள், பூச்சு அரித்துத் தண்ணீரில் இறங்கும். அந்த டயட்டமேசியஸ் மண்ணைத் தூவுபவர் முகத்தை மூடிக்கொள்ளட்டும். தூசு நுரையீரலுக்கு ஆகாது, கோழிக்கும்தான்.

உண்மையான வேலை தரையில் இருக்கிறது. உருண்டைப் புழுவின் முட்டை எச்சத்தோடு விழுந்த உடனே தொற்றாது. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் பத்து நாளுக்கு மேல் ஆகும். எனவே பரணுக்கு அடியில் வாரம் ஒரு தடவை வழித்தாலே அதன் சுற்று உடையும். எய்மீரியா வித்து அப்படி இல்லை, ஈரமான கூளத்தில் ஓரிரு நாளில் தயாராகிவிடும். அதனால்தான் குஞ்சு இருக்கும் இடத்தில் தினமும் ஈரக் கூளத்தை அள்ள வேண்டியிருக்கிறது. பிளீச்சிங் பவுடர் கரைசல் அந்த வித்தை ஒன்றும் செய்யாது, வீண் செலவு. உலர்த்துங்கள், வெயில் படவிடுங்கள். நீங்கள் போய்ப் பார்த்தால் ஈரம் முழுவதும் ஒரே இடத்தில்தான் இருக்கும், தண்ணீர் தொட்டியைச் சுற்றி ஓர் அடி வட்டம். தொட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி, அடியில் கம்பி வலைச் சட்டம் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தீவனத்தைத் தரையில் இறைப்பதையும் விட்டுவிடுங்கள்.

குஞ்சுகளைப் பெரிய கோழிகளிடமிருந்து பிரித்து வையுங்கள். பெரியவை பழகி எதிர்ப்புச் சக்தி வந்தவை. நோய் காட்டாமலே எய்மீரியா வித்தை உதிர்த்துக்கொண்டிருக்கும். வான்கோழி வளர்க்கும் எண்ணம் இருந்தால் கோழி மேய்ந்த மண்ணில் வேண்டாம். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத குருட்டுக்குடல் புழு, ஹிஸ்டோமோனாஸ் என்ற கிருமியைத் தன் முட்டைக்குள் வைத்துச் சுமக்கிறது. வான்கோழிக்கு அது ஈரலைத் தின்னும் நோய். நாடாப் புழுவோ எறும்பு, வண்டு, நத்தை, ஈ வழியாகத்தான் வரும். அதற்குத் தரையைக் கூட்டுவதைவிட ஈ மொய்க்கும் சாணக் குவியலைத் தள்ளி வைப்பது முக்கியம். புதுக் கோழி வாங்கினால் ஒரு மாதம் தனியே.

கடைசியாக முட்டை. கோழியின் உருண்டைப் புழு மனிதக் குடலில் வாழாது. அரிதாக முட்டைக்குள்ளேயே ஒரு புழு கிடப்பதுண்டு, பின்துளை வழியாக வழி தவறிக் கருக்குழாயில் ஏறியது. அருவருப்பு, ஆபத்து இல்லை. கவலைப்பட வேண்டியது மருந்தைப் பற்றி. எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து, நாட்டுக்கு நாடு மாறும். ஃபென்பெண்டசோலின் குடிநீர் மருந்துக்குச் சில நாடுகளில் ஒரு நாளும் ஒதுக்க வேண்டியதில்லை. அதே மருந்தின் ஆட்டுக் கரைசலுக்கு அந்தச் சலுகை கிடையாது, காரணம் அது கோழியில் அந்த அளவில் சோதிக்கப்பட்டதல்ல. லேபிளில் முட்டைக்கு நாள் போட்டிருக்கவில்லை என்றால் "தடையில்லை" என்று படிக்காதீர்கள், மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நாளை எண்ணும்போது மருந்து ஆரம்பித்த தேதியிலிருந்து எண்ணாமல், கடைசி வேளை கொடுத்த தேதியிலிருந்து எண்ணுங்கள்.